மேற்கு வெயிலைக் கண்ணாடிக்கு வெளியிலேயே நிறுத்துங்கள்

கேள்வி: திருச்சி உறையூரில் வாடகை வீட்டில் இருக்கிறோம். மூன்று மாடிக் கட்டடத்தில் முதல் மாடி. மேற்குப் பார்த்த அறையில் 4க்கு 4 அடி ஸ்லைடிங் கண்ணாடி ஜன்னல், அதற்கு வெளியே இரும்பு கிரில். பங்குனி பிறந்தாலே மதியம் இரண்டு மணியிலிருந்து அந்த அறை கொதிக்கிறது. என் மாமனாருக்கு 78 வயது, நடமாட்டம் குறைவு. பகல் முழுக்க அங்கேதான் படுத்திருக்கிறார். கெட்டியான மெரூன் கலர் திரை வாங்கிப் போட்டும் சூடு குறையவில்லை. கூலிங் ஃபிலிம் ஒட்டச் சொல்கிறார் கடைக்காரர். ஏசி போட்டுவிடலாம் என்கிறார் கணவர். வீட்டு ஓனரோ சுவரில் ஆணி அடிக்கவே விடமாட்டார். என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: அன்புச் சகோதரி, முதலில் உங்கள் மாமனாரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஜன்னல் அப்புறம். வீட்டில் வேறு அறை இருந்தால் இன்றைக்கே அவரை மதியம் பன்னிரண்டு மணிக்கு மேல் அங்கே மாற்றிவிடுங்கள். இரவிலும் கட்டில் மேற்குச் சுவரை ஒட்டி இருக்க வேண்டாம். செங்கல் சுவர் வாங்கிய வெயில் உள்பக்கம் வந்து சேரப் பல மணி நேரம் ஆகும். அதனால்தான் வெயில் இறங்கி வெகுநேரம் கழித்தும், எட்டு ஒன்பது மணிக்குக்கூட, அந்தச் சுவரில் கை வைத்தால் சுடுகிறது. வயதானவர்களுக்குத் தாகம் தெரிவது குறைந்துவிடும். அவர் கேட்கட்டும் என்று காத்திராமல் நீங்களாகவே அடிக்கடி தண்ணீரோ மோரோ கொடுங்கள். இதய, சிறுநீரகத் தொல்லை இருந்து டாக்டர் தண்ணீருக்கு அளவு சொல்லியிருந்தால் மட்டும் அவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். உடம்பு அனலாகக் கொதித்து, பேச்சு குழறினாலோ, கூப்பிட்டால் சரியாகப் பதில் வராவிட்டாலோ ஈரத்துணியால் உடம்பைத் துடைத்தபடியே 108-ஐக் கூப்பிடுங்கள்.

சரி, இனி ஜன்னல்.

மெரூன் திரை ஏன் பலிக்கவில்லை என்பதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். சாயங்காலம் நாலரை மணிக்குத் திரைக்கும் கண்ணாடிக்கும் நடுவில் கையை விட்டுப் பாருங்கள். அடுப்படி அனல் போல இருக்கும். திரையின் மேல்விளிம்பில் கை வைத்தால் அந்த அனல் மெல்ல ஏறி அறைக்குள் வழிவது தெரியும். வெயில் ஒளியாகக் கண்ணாடியைச் சுலபமாகக் கடந்துவிடுகிறது. திரையிலோ தரையிலோ கட்டிலிலோ பட்டதும் வெப்பமாக மாறுகிறது. அப்படி மாறிய வெப்பக் கதிர் கண்ணாடி வழியே நேராகத் திரும்பிப் போக முடியாது. ஆக, கண்ணாடியைத் தாண்டி வந்த வெயில் உங்கள் வீட்டுக்குள் வந்துவிட்ட வெயில்தான். அடர்நிறத் திரை அதைத் தடுப்பதாகத் தெரியும், ஆனால் அதை வாங்கிச் சூடாகி அறைக்குள்ளேயே விடுகிறது.

அளவும் கொஞ்சம் சொல்கிறேன். சித்திரை, வைகாசி சாயங்காலத்தில் மேற்குச் சுவரின் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் 600 வாட் அளவுக்கு வெயில் விழும். சாதாரணக் கண்ணாடி அதில் எண்பது சதவீதத்துக்கு மேல் உள்ளே விட்டுவிடும். உங்கள் ஜன்னலின் அளவுக்கு இது 600 முதல் 700 வாட் வரை வரும். ஏறக்குறைய ஓர் இஸ்திரிப் பெட்டியைப் போட்டு மூன்று மணி நேரம் அணைக்காமல் வைத்திருப்பதற்குச் சமம். வெளியே 40 டிகிரி, உள்ளே 33 டிகிரி என்று வைத்துக்கொண்டால், வெளிக்காற்றின் சூடு மட்டும் அதே கண்ணாடி வழியே கடத்தப்பட்டு உள்ளே வருவது சுமார் 60 வாட்தான். இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டால் எதற்குச் செலவு செய்யலாம், எதற்குக் கூடாது என்பது தெளிவாகிவிடும். இரட்டைக் கண்ணாடி ஜன்னல் என்று பெரிய தொகைக்கு விற்கிறார்களே, சாதாரணக் கண்ணாடியையே இரண்டு அடுக்காகப் போட்டால் அந்த 60 வாட்டைத்தான் பாதியாக்கும். நேர்வெயிலில் பெரும்பங்கு அப்போதும் உள்ளே வரும்.

ஜன்னலுக்கு மேல் சன்ஷேட் இருக்கிறதே என்று கேட்பீர்கள். அது உச்சி வெயிலுக்கும் மழைச் சாரலுக்கும் சரி. மே மாதம் நாலரை மணிக்குத் திருச்சியில் சூரியன் அடிவானத்திலிருந்து முப்பது டிகிரிக்கும் கீழே இறங்கியிருக்கும். ஒன்றரை அடி சன்ஷேடின் நிழல் அப்போது ஜன்னலில் முக்கால் அடியைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். மீதி மூன்றடிக்கும் நேர்வெயில். அதனால் மேற்கு ஜன்னலுக்கு வேண்டியது செங்குத்தாகத் தொங்கும் மறைப்பு, அதுவும் கண்ணாடிக்கு வெளியே. நம் பழைய வீடுகளில் இருந்த மரக்கதவு ஜன்னல் இந்த வேலையைத்தான் செய்தது. கீழ்க்கதவைச் சாத்தி மேல்கதவைத் திறந்து வைத்தால் வெயில் வெளியே நிற்கும், காற்று உள்ளே வரும். ஸ்லைடிங் கண்ணாடி வந்தபோது அதைக் கைவிட்டோம். நம் ஊர் வெயிலுக்கு அது பெரிய இழப்பு என்பது என் உறுதியான எண்ணம்.

உங்களுக்கு கிரில் வெளியே இருப்பது நல்லதாகப் போயிற்று. ஒரு துளைகூடப் போட வேண்டாம். நர்சரிகளிலும் ஹார்டுவேர் கடைகளிலும் நிழல் வலை கிடைக்கும். 50, 75, 90 சதவீதம் என்று தரம் பிரித்திருப்பார்கள். 75 சதவீதம் கேளுங்கள். 90 வாங்கினால் அறை இருட்டிவிடும், காற்றும் தடைப்படும். பச்சைதான் அதிகம் கிடைக்கும். வெள்ளை கிடைத்தால் விடாதீர்கள். ஜன்னலைவிட எல்லாப் பக்கமும் கொஞ்சம் கூடுதலாக வெட்டி, ஒரு கண்ணாடியைத் தள்ளித் திறந்து, வலையை மடித்து வெளியே விட்டு, கம்பிக்குக் கம்பி கேபிள் டை போட்டு இறுக்கிவிடுங்கள். ஏணி வேண்டாம், ஆளும் வேண்டாம். சில நூறு ரூபாயில் முடிந்துவிடும். ஒன்று மட்டும் கவனியுங்கள்: வலை கண்ணாடியில் ஒட்டக்கூடாது. நடுவில் சில அங்குலம் இடைவெளி இருந்தால்தான் வலை வாங்கும் சூட்டைக் காற்று வெளியிலேயே கொண்டுபோகும்.

இதைவிட நல்லது மூங்கில் திரை. ஆனால் கிரிலுக்கு வெளியே அதைத் தொங்கவிடக் கீழிருந்து ஏணி போட்டுத்தான் கட்ட வேண்டும், அதற்குப் பழகிய ஆளைக் கூப்பிடுங்கள். கயிறு இழுத்துச் சுருட்டும் வகையாக வாங்கினால் காலையில் வெளிச்சத்துக்கு ஏற்றி, பன்னிரண்டு மணிக்கு இறக்கிக்கொள்ளலாம். கீழ்முனையை இரண்டு பக்கமும் கிரிலோடு கட்டிவையுங்கள். கோடை மழைக் காற்றைவிட ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து அடிக்கும் காற்றுதான் உங்கள் ஊரில் பெரிய சோதனை. கட்டாமல் விட்ட திரை அதில் ஒரு வாரம்கூடத் தாங்காது. ஓனரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். சுவரில் கை வைக்கவில்லை, காலி செய்யும்போது அவிழ்த்துக்கொண்டு போய்விடுவோம் என்றால் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள்.

வெட்டிவேர்த் தட்டிக்கும் திருச்சி ஏற்ற ஊர். மதியக் காற்று உலர்ந்து வீசுவதால் நனைத்த தட்டியில் புகுந்து வரும் காற்று உண்மையாகவே குளிரும். எதிர்ப்பக்கம் ஒரு ஜன்னலோ கதவோ திறந்திருக்க வேண்டும், இல்லையென்றால் ஈரம் உள்ளேயே தங்கிப் புழுங்கும். கடற்கரை ஊர்க்காரர்களுக்கு இதை நான் சொல்லமாட்டேன்.

இனி ஃபிலிம். அது மோசமான பொருள் இல்லை, கடையில் காட்டும் விதம்தான் ஆளை மயக்குகிறது. ஒரு சிவப்பு பல்பை எரியவிட்டு, நடுவில் ஃபிலிமைப் பிடித்து, கையில் சூடே தெரியவில்லை பாருங்கள் என்பார்கள். அந்த பல்பு தருவது பெரும்பாலும் அகச்சிவப்புக் கதிர். வெயிலின் சக்தியில் பாதிதான் அது. மீதியில் பெரும்பகுதி நம் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமாகவே வருகிறது. 99 சதவீதம் தடுக்கும் என்று சொன்னால் பெரும்பாலும் அது புற ஊதாக் கதிரின் கணக்கு. வெயிலின் சக்தியில் புற ஊதா மிகச் சிறிய பங்கு. துணி வெளுக்காமல் இருக்க உதவும், அறை குளிராது. நீங்கள் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: மொத்த வெயில் சக்தியில் இது எத்தனை சதவீதத்தைத் தடுக்கிறது? அந்த எண்ணைக் கம்பெனி அட்டையில் எழுத்தில் பார்த்தபிறகே மேலே பேசுங்கள். வெறும் கறுப்பு ஃபிலிம் வெயிலைத் தான் வாங்கிக் கண்ணாடியைச் சூடாக்கும். சூடு ஒரே சீராக ஏறாவிட்டால் கண்ணாடி விரிசல் விடவும் கூடும். பிரதிபலிக்கும் வகை மேல். எப்படியானாலும் வாடகை வீட்டில் ஒட்டிய ஃபிலிமை உரித்து எடுத்துப்போக முடியாது. உங்கள் நிலையில் இந்தப் பணத்தைச் செலவு செய்ய வேண்டாம் என்றே சொல்வேன்.

அந்த மெரூன் திரையைத் தூக்கிப்போடாதீர்கள். வீட்டில் இருக்கும் பழைய வெள்ளை வேட்டியைக் கண்ணாடிப் பக்கமாக வைத்துத் தைத்துவிடுங்கள். வெள்ளை, வெயிலில் ஒரு பங்கை ஒளியாகவே கண்ணாடி வழியே திருப்பி அனுப்பும். வெளியே வலை, உள்ளே வெள்ளை முதுகு வைத்த திரை என்று இரண்டும் சேர்ந்தால் போதும்.

மற்ற ஜன்னல்களையும் ஒரு பார்வை பாருங்கள். ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் சூரியன் திருச்சிக்கு நேர் மேலே வந்து, பிறகு வடக்கே நகர்ந்துவிடும். ஆகஸ்ட் பிற்பகுதி வரை தெற்கு ஜன்னலுக்குள் நேர்வெயில் விழாது. ஆகவே தெற்கை மறைக்கச் செலவு செய்ய வேண்டாம். வடக்கு ஜன்னலில்தான் காலையும் மாலையும் சாய்வாக வெயில் எட்டிப்பார்க்கும். வெட்டிய வலையில் மிச்சம் இருந்தால் அங்கே கட்டுங்கள். வெட்டிவேர்த் தட்டி கட்டாத நாட்களில், வெளிக்காற்று வீட்டைவிடச் சூடாகும் நேரத்தில், அதாவது காலை பத்து மணி வாக்கில் ஜன்னல்களைச் சாத்திவிட்டு, இருட்டியதும் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து விடியும்வரை விடுங்கள்.

ஏசி வேண்டுமா என்ற கேள்விக்கு: முதலில் வலையைக் கட்டி ஒரு வாரம் பாருங்கள். வயதானவர் இருக்கும் வீடு, கத்திரி வெயிலில் அதற்கு மேலும் தேவைப்பட்டால் தயங்காமல் வாங்குங்கள், உங்கள் கணவர் சொல்வதில் தவறில்லை. ஆனால் வலையை அவிழ்த்துவிடாதீர்கள். அது இருக்கும்வரை ஏசியின் கம்ப்ரஸர் ஓடும் நேரம் குறையும், மின் கட்டணமும் குறையும். எத்தனை டன் என்று கடையில் கேட்கும்போது, ஜன்னலில் வெயில் விழாத அறை என்பதைச் சொல்லிக் கேளுங்கள்.