போர்ட் எசிங்டன் – கடிதமும் பதிலும்

வணக்கம்.

வட ஆஸ்திரேலியாவின் போர்ட் எசிங்டனில் பிரிட்டிஷார் கைவிட்டுப்போன குடியேற்றத்தின் இடிபாடுகளைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். காட்டுக்குள் உருண்டையாக நிற்கும் கல் புகைபோக்கிகளின் படம் மனத்தைவிட்டு அகலவில்லை. மனிதர் வாழவே தகாத வெக்கையும் புயலும்தானே பிரிட்டிஷாரை அங்கிருந்து விரட்டின?

– வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

‘மனிதர் வாழவே தகாத’ என்று நீங்கள் எழுதியதை என்னால் ஏற்க முடியவில்லை. போர்ட் எசிங்டன் இருக்கும் கோபர்க் தீபகற்பத்தில் பழங்குடிகள் பல்லாயிரம் ஆண்டுகளாக வாழ்ந்துவருகிறார்கள். இன்றைய இந்தோனேசியாவின் சுலாவெசித் தீவைச் சேர்ந்த மக்காசர் கடலோடிகளும் ஆண்டுதோறும் டிசம்பர் வாக்கில் வடமேற்குப் பருவக்காற்றோடு வந்தார்கள். கடல் அட்டை பிடித்து, அவித்து உலர்த்தி, காற்று திசைமாறியதும் ஊர் திரும்பினார்கள். எப்போது வர வேண்டும், எப்போது கிளம்ப வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

1838-ல் வந்த பிரிட்டிஷ் கடற்படையினருக்கு அந்தக் கணக்கெல்லாம் இல்லை. அதே கடற்கரையில் மெல்வில் தீவு, ராஃபிள்ஸ் விரிகுடா என இரண்டு முகாம்களை 1829-க்குள்ளேயே அவர்கள் கைவிட்டிருந்தார்கள். ஆனாலும் வணிகத்தில் செழிக்கும் இன்னொரு சிங்கப்பூர் இங்கே உருவாகிவிடும் என்று நம்பினார்கள். 1839 நவம்பரில் அடித்த புயல் பெலோரஸ் என்ற போர்க்கப்பலைக் கரையில் தள்ளியது. மரக் கட்டடங்களைக் கறையான் அரித்தது. பிறகு காய்ச்சல், வரிசையாகச் சாவுகள். இத்தனைக்கும் நடுவே 1849 வரை தாக்குப்பிடித்தார்கள். எதிர்பார்த்த வணிகம்தான் வரவே இல்லை. வெயில்மீது மட்டும் பழியைப் போடுவது அநியாயம்.

நீங்கள் படத்தில் பார்த்த புகைபோக்கிகள் மணமான படைவீரர்களின் குடியிருப்பைச் சேர்ந்தவை, இங்கிலாந்தின் கார்ன்வால் பாணியில் கட்டியவை. என்னை அதைவிட அசைத்தவை அகழாய்வில் கிடைத்த கண்ணாடிச் சில்லுகள். வெள்ளையர் வீசியெறிந்த பாட்டில்களைப் பழங்குடியினர் கல்லைச் செதுக்குவதுபோலவே செதுக்கி, ஈட்டி முனைகளாக்கியிருக்கிறார்கள். வந்திறங்கிய புதிய பொருளை அவர்கள் எவ்வளவு சீக்கிரம் தமதாக்கிக்கொண்டார்கள்!

வெளியிலிருந்து வந்தவர்களில் நான் மதிக்கும் ஒருவர் உண்டு: ஆஞ்சலோ கன்ஃபலோனியேரி என்ற கத்தோலிக்கப் பாதிரியார். வழியில் கப்பல் உடைந்து, உயிர் தப்பி 1846-ல் அங்கே வந்து சேர்ந்தவர். பழங்குடியினரோடு பழகி அவர்களுடைய மொழியைக் கற்றார். 1848-ல் அவரும் காய்ச்சலில்தான் இறந்தார். அவர் தொகுத்த சொற்பட்டியலும் வரைந்த வரைபடமும் இன்றும் இருக்கின்றன. நீங்கள் வாழத் தகாதது என்று சொன்ன அந்த நிலத்தில் எந்தக் குடி எங்கே வாழ்கிறது என்று அந்த வரைபடத்தில் பெயர் பெயராகக் குறித்துவைத்திருக்கிறார்.