ஆடு கலைச்ச ஆட்டம்

அண்ணா வணக்கம். எனக்கு காவேரிப்பட்டணம், ஓசூர்ல ஒரு கம்பெனியில ஷிப்ட் வேலை. போன வருஷம் பெங்களூர்ல ஒருத்தர்கிட்ட செகண்ட் ஹேண்ட்ல ஸ்டீம் டெக் வாங்கினேன், கையில பிடிச்சு ஆடற கேம் மிஷின், பழைய எல்சிடி திரை மாடல். நான் பெரிய கேமர் எல்லாம் இல்லண்ணா, கம்பெனி பஸ்ல போக வர, நைட் தூக்கம் வராதப்ப கொஞ்ச நேரம், அவ்ளோதான். சேல்ல வாங்கி வாங்கி 140 கேம் சேந்துபோச்சு, ஒண்ணுகூட முடிக்கல. எஃப்பிஎஸ்ஸை, அதான் செகண்டுக்குத் திரையில எத்தனை படம் ஓடுதுங்கற கணக்கை, 40ல நிக்க வைக்கவே பாதி நேரம் போகுது. போன ஞாயித்துக்கிழமை மூணு மணி நேரம் ஆடிட்டு சேவ் பண்ணாம ஸ்லீப்ல போட்டுப் பையில வச்சேன், புதன்கிழமை எடுத்தா சார்ஜ் செத்து ஆடினது மொத்தமும் போச்சு. அம்மா வேற கல்யாண வயசுல பொம்மை வச்சு ஆடறான்னு திட்றாங்க. இதை வித்துட்டு ஓலெட் திரை வச்ச புது மாடல் வாங்கட்டுமா, இல்ல இந்தப் பழக்கத்தையே விட்டுடட்டுமா? பேர் போடாதீங்கண்ணா.

தம்பி,

பேர் போடல. அம்மா சொல்றதுக்கு எங்கிட்ட பதில் இல்ல, எனக்கு 46 வயசாகுது, எங்க வீட்லயும் அதையேதான் சொல்றாங்க. 140 கேம் வாங்கினதைப் பத்தியும் பேசப் போறதில்ல, ஆடித் தள்ளுபடியில வாங்கின வேட்டி எனக்கும் பீரோல கெடக்கு.

ஆனா அந்த 40 சமாச்சாரம், அதைச் சும்மா விட முடியாது. திரையோட மூலையில எஃப்பிஎஸ் எவ்ளோ, எத்தனை வாட் இழுக்குது, சூடு எத்தனை டிகிரின்னு நம்பர் ஓடுதுல்ல, மொதல்ல அதை அணை. வலது பக்கம் மூணு புள்ளி போட்ட பட்டனை அமுக்கு, பேட்டரி படம் இருக்கற இடத்துல பர்ஃபாமன்ஸ் ஓவர்லேன்னு வரும், அதை இழுத்து ஆஃப்ல வை. விண்டோஸுக்குன்னு எழுதின கேமை உன் மிஷின்ல இருக்கற லினக்ஸ்ல ஓட வைக்கறதுக்காக புரோட்டான்னு ஒண்ணை எத்தனையோ பேர் வருஷக்கணக்கா உக்காந்து எழுதியிருக்காங்க, அந்தத் தலைவலி எல்லாம் அவங்க பட்டாச்சு, நீ எதுக்குடா எட்டு மணி நேரம் மிஷின்ல மீட்டர் பாத்துட்டு வந்து பஸ்ல மறுபடியும் மீட்டர் பாக்கற? உன்னை எவன் சூப்பர்வைசரா போட்டான்? 38க்கும் 40க்கும் வித்தியாசம் உன் கண்ணுக்குத் தெரியுதா, இல்ல நம்பர் சொல்றதால தெரியுதா? ஒரு வாரம் அணைச்சு வச்சுப் பாரு. நான் கோவமாவே சொல்றேன், ஏன்னா நானும் ரெண்டு மாசம் இந்தப் பைத்தியத்துல இருந்தவன். கேம்ல ஒரு மலை மேல ஏறி நிக்கறேன், கீழ பள்ளத்தாக்கு முழுக்க சூரியன் எறங்குது, நான் மூலையில 31ன்னு காட்டுதேன்னு பதறிட்டிருக்கேன்.

சரி, அந்த ஞாயித்துக்கிழமை. அதுக்குத்தான் உக்காந்து பதில் எழுதறேன், ஏன்னா போன வாரம்தான் சந்தூர் பக்கம் எங்க தாத்தா காவல் இருந்த மாந்தோப்புக்குப் போயிட்டு வந்தேன்.

காய் முத்தினதுல இருந்து பறிப்பு முடியற வரைக்கும் தாத்தா தோப்புலதான் படுக்கை. பக்கத்துத் தோப்புல இன்னொரு கிழவர் காவல், ரெண்டு தோப்புக்கும் நடுவுல ஒரு சப்பட்டைப் பாறை, அதுல ஆடு புலி ஆட்டத்துக்குக் கோடு செதுக்கியிருக்கும். 3 புலி, 15 ஆடு. புலிக்குக் கூழாங்கல், ஆட்டுக்குப் புளியங்கொட்டை. நாலு காய் நகத்துவாங்க, அதுக்குள்ள குரங்கு வரும், கவண எடுத்துட்டு ஓடுவாங்க. மாம்பழக்கூழ் ஃபேக்டரிக்குப் போற பெங்களூரா மாங்காய்க்கு லாரி வந்து நிக்கும், லோடு ஏத்தப் போயிடுவாங்க. ஆட்டக் காய் பாறையில அப்படியே கெடக்கும். மறுநாள் வந்து விட்ட எடத்துல இருந்து ஆடுவாங்க. பரீட்சை லீவுல போனவன் நான், யார் தாத்தா ஜெயிச்சதுன்னு தெனமும் கேப்பேன், "இன்னும் ஆடிட்டுத்தானேடா இருக்கோம்"பாரு. ஒரு ஆட்டம் ஒம்பது நாள் போச்சு.

பத்தாவது நாள் நெஜ ஆடு ஒண்ணு பாறை மேல ஏறிடுச்சு. கல்லு செதறி, புளியங்கொட்டை உருண்டு, எல்லாம் போச்சு. புலி அங்க இருந்துச்சு இங்க இருந்துச்சுன்னு ரெண்டு கிழவரும் பெரிய சண்டை, என் புலி உன் ரெண்டு ஆட்டை வெட்டியிருந்துச்சு, எங்க வெட்டுச்சு, காட்டுன்னு மூணு நாள் பேச்சுவார்த்தையே கெடையாது. நாலாவது நாள் தாத்தாதான் பீடிக்கட்டோட போனாரு. மொதல்ல இருந்து ஆட ஆரம்பிச்சாங்க.

உன் சார்ஜ் செத்ததும் அதேதான்டா. ஸ்லீப்னா சேவ் ஆயிடுச்சுன்னு அர்த்தமில்ல, ஆட்டம் மெமரியிலதான் நிக்குது, அது நிக்கறதுக்குப் பேட்டரி சொட்டுச் சொட்டா கரைஞ்சுட்டே இருக்கும், கரைஞ்சு முடிஞ்சா பாறை காலி. கோடு செதுக்கினது சேவ், காய் வச்சது ஸ்லீப். ஆனா எனக்கு இந்த மிஷின்ல ரொம்பப் பிடிச்சதே அந்த ஸ்லீப் பட்டன்தான் தெரியுமா, பட்டனைத் தட்டினா வாள் ஓங்கினபடியே நிக்குது, சாப்பிட்டு வந்து தட்டினா ஓங்கின கை எறங்குது. நம்ம சின்ன வயசுல, நீ ரொம்பப் பின்னாடி பொறந்தவன், உனக்குத் தெரியாது, கிருஷ்ணகிரியில டிவி கேம் கடையில மணிக்கு அஞ்சு ரூபா, கடைசி ஸ்டேஜ்ல இருக்கும்போது கடைக்காரர் வந்து சுவிட்சைப் பிடுங்கிட்டுப் போவாரு. நான் அழுதுட்டே ரவுண்டானா வரைக்கும் நடந்து வந்திருக்கேன்.

ஒண்ணுகூட முடிக்கலன்னு எழுதியிருக்க. முடிக்கறதுக்கு என்ன, தறியில போட்ட துணியா? உனக்கு பஸ்ல கெடைக்கறது கிருஷ்ணகிரி வர்ற வரைக்கும் ஒரு கால் மணி நேரம், அப்புறம் தூங்கிடற. ஸ்டார்டியூ வேலின்னு ஒரு விவசாய கேம், ஒரே ஆள் பண்ணி 2016ல விட்டது, அதுல ஒரு நாள்ங்கறது நம்ம கணக்குல 14 நிமிஷம் சொச்சம், படுத்து எந்திரிச்சாத்தான் சேவ் ஆகும். ஒரு பஸ்ஸுக்கு ஒரு நாள். செடிக்குத் தண்ணி ஊத்து, கோழிக்குத் தீனி போடு, படு. எங்க ஊர்ல இருக்கற நிலத்துக்கு நான் தண்ணி பாய்ச்சி ஏழு வருஷம் ஆச்சு, இதுல தெனமும் ஊத்தறேன், எங்கப்பாகிட்ட சொல்லிடாத.

ஓலெட்ல திரை 7.4 இஞ்ச், கறுப்பு நல்லாக் கறுப்பா இருக்கும், பேட்டரி உன்னோடது 40 வாட்-ஹவர்னா அது 50. நல்ல மிஷின்தான். ஆனா அதையும் ஞாயித்துக்கிழமை பையில போட்டுட்டு சேவ் பண்ணாம மறந்தீன்னா அதுவும் செத்துத்தான் கெடக்கும். இருக்கறதை வச்சுக்க. பாறையில கோடு இன்னும் அழியல தம்பி, போன வாரம் பாத்தேன், ரெண்டு எறும்புப் புத்து மட்டும் வந்திருக்கு. நைட் ஷிப்ட் போறதுக்கு முன்னாடி சார்ஜ்ல போட்டுட்டுப் போ.