விளக்குத்தூணும் விட்டவாசலும் – கடிதம், பதில்

அன்புள்ள ஐயா,

எங்கள் குடியிருப்புப் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேரை ஒரு ஞாயிற்றுக்கிழமை மதுரைக் கோட்டை இருந்த இடங்களுக்கு அழைத்துப் போகலாம் என்றிருக்கிறோம். விசாரித்தால் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். கான்சாகிபுடன் நடந்த சண்டையில் வெள்ளைக்காரன் கோட்டையை இடித்துவிட்டான், மாரட் வீதி மராட்டியர் குடியிருந்த தெரு, விளக்குத்தூண் திருமலை நாயக்கர் நட்டது, காளவாசல் கோட்டையின் ஒரு வாசல். இவற்றில் எது சரி? எங்கே தொடங்கி எங்கே முடிக்கலாம்?

ஒரு வாசகர், திருநகர்

அன்புள்ள வாசகருக்கு,

நான்குமே தவறு. ஆனால் நான்கும் எப்படிப் பிறந்தன என்று பார்த்தால் கோட்டையின் கதை பாதி தெரிந்துவிடும்.

முதலில் இடிப்பு. 1763இல் தொடங்கிய முற்றுகை ஓராண்டைத் தாண்டியது. 1764 ஜூனில் கும்பினிப் படை, அதாவது கிழக்கிந்தியக் கம்பெனியின் படை, நேரடியாக ஏறித் தாக்கிப் பார்த்துத் தோற்றுப் பின்வாங்கியது. கடைசியில் கோட்டைக்குள் இருந்த கான்சாகிபை, அதாவது யூசுப்கானை, கூட இருந்தவர்களே பிடித்துக் கொடுத்தார்கள். அந்த அக்டோபர் 15ஆம் தேதி அவரைத் தூக்கிலிட்டார்கள். மதில் அதற்குப் பிறகும் முக்கால் நூற்றாண்டு நின்றது.

அதை இடித்தவர் 1834 முதல் கலெக்டராக இருந்த பிளாக்பர்ன். காரணம் போர் அல்ல, நெரிசல். நகரம் மதிலுக்குள் பிதுங்கியது, அகழியில் தண்ணீர் தேங்கிக் காய்ச்சல் பரவியது. கூலிக்கு ஆள் வைத்து இவ்வளவு பெரிய மதிலை இடிக்க அரசாங்கத்தில் பணம் கேட்டால் கிடைக்குமா? அவர் செய்தது எளிய ஏற்பாடு: யார் தன் பங்கு மதிலை இடித்து, அகழியைத் தூர்த்து, தரையைச் சமன் செய்கிறாரோ அவருக்கே அந்த நிலம். இடித்த மண்ணைச் சுமந்து போக வேண்டியதும் இல்லை, பக்கத்துப் பள்ளத்தில் தள்ளினால் மேடும் பள்ளமும் ஒன்றாகிவிடும். 1840ஐ ஒட்டிய ஆண்டுகளில் வேலை நடந்தது. மதிலும் அகழியும் சுற்றி வந்த வளையத்தில் புதுத் தெருக்கள் எழுந்தன. வெளி வீதி என்ற பெயரே கோட்டைக்கு வெளி என்பதுதான்.

அந்த வளையத்தில் வேலையை மேற்பார்த்த மேஸ்திரியின் பெயர் பெருமாள் மேஸ்திரி வீதியில் நிற்கிறது. நிலத்தை அளந்த மாரட் என்ற வெள்ளைக்கார சர்வேயரின் பெயர் மாரட் வீதியில். "மாரட்டு" என்று நம் வாய் இழுத்ததும் மராட்டியர் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். ஒரு கலெக்டர் காலத்து வேலையில் மேஸ்திரிக்கும் தெருப்பெயர் கிடைத்தது எனக்கு அந்தக் கதையிலேயே பிடித்த இடம்.

கலெக்டருக்குத் தெரு கிடைக்கவில்லை, விளக்கு கிடைத்தது. கீழ மாசி வீதியும் தெற்கு மாசி வீதியும் சேருமிடத்தில் நிற்கும் விளக்குத்தூண் பிளாக்பர்ன் நினைவாக ஊர்க்காரர்கள் நட்டது. பக்கத்தில் இருக்கும் பத்துத்தூண் நாயக்கர் காலத்தது. இரண்டு 'தூண்'களையும் குழப்பிக்கொள்வதால்தான் விளக்குத்தூணும் திருமலை நாயக்கர் கணக்கில் சேர்கிறது.

காளவாசல் வேறு சங்கதி. செங்கல் சூளையை நம் பக்கத்தில் காளவாசல் என்போம், காளவாய் என்றும் சொல்வதுண்டு. கோட்டை வாசல்களின் பெயர் மேலவாசல், கீழவாசல், தெற்குவாசல் என்று நிற்கிறது. கீழவாசலில் இறங்கி வாசலைத் தேட வேண்டாம். மாதா கோயிலும் பஸ் நிறுத்தமும்தான் இருக்கும்.

இனி நடை. காலை ஆறரைக்குப் பெரியார் பேருந்து நிலையத்தில் கூடுங்கள். அதை ஒட்டி மேற்குப் பக்கத்துக் கோட்டை வாசலின் மிச்சமான கல் கட்டடம் இருக்கிறது. விசுவநாத நாயக்கர் பாண்டியர் கோட்டையை இடித்துவிட்டுக் கட்டிய பெரிய கோட்டையில் கண்ணுக்குத் தெரியும்படி எஞ்சியது இதுதான். 72 கொத்தளம், ஒவ்வொன்றும் ஒரு பாளையக்காரர் பொறுப்பு என்ற கணக்கை இங்கேயே சொல்லிவிடுங்கள். பிள்ளைகள் கல்லைத் தொட்டுப் பார்க்கும்போது சொன்னால்தான் மனதில் நிற்கும்.

அங்கிருந்து கிழக்கே, கோயிலை நோக்கி நடங்கள். வெளி வீதியில் தொடங்கி மாசி வீதியைத் தொடுவதற்குள் மதில் இருந்த வளையத்தைக் கடந்திருப்பீர்கள். தெருப்பலகைகளைப் பிள்ளைகளையே படிக்கச் சொல்லுங்கள். மேல மாசி வீதியில் 251ஆம் எண் வீடு, 1921 செப்டம்பரில் காந்தி தங்கி, சட்டையைக் களைந்து அரையாடைக்கு மாறிய இடம். ஐந்து நிமிடம் நிற்கலாம். பிறகு ஆவணி மூல வீதி, சித்திரை வீதி. ஏதாவது ஒரு பிள்ளை, "சித்திரைத் தேர் ஏன் மாசி வீதியில் ஓடுகிறது?" என்று கேட்கும். மாசியில் நடந்த தேரோட்டத்தைத் திருமலை நாயக்கர் சித்திரைக்கு மாற்றினார். மாதம் மாறியது, தெரு மாறவில்லை.

கோயிலைச் சுற்றிக் கிழக்கே வந்தால் அம்மன் சன்னதிக்கு நேரே விட்டவாசல். மதுரையில் நான் அதிகம் பரிந்துரைப்பது இதைத்தான், ஆட்கள் அதிகம் கவனிக்காமல் போவதும் இதைத்தான். பாண்டியர் கோட்டையின் கீழ்வாசல் இது. விசுவநாத நாயக்கர் இடித்தபோது விட்டுவைத்த வாசல் என்பதால் விட்டவாசல் என்கிறார்கள். பிள்ளைகளை வாசலுக்கு அடியில் நிறுத்தி, பெரியார் பக்கம் பார்த்த கல்லிலிருந்து எவ்வளவு தூரம் நடந்து வந்தோம் என்று கேளுங்கள். பாண்டியர் மதுரை எவ்வளவு சின்னது, நாயக்கர் அதை எவ்வளவு அகலமாக்கினார் என்பது காலுக்கே தெரிந்துவிடும். படம் வரைந்து காட்ட வேண்டியதில்லை.

பிறகு கீழ மாசி வீதி வழியே தெற்கே. பலசரக்கு மொத்த வியாபாரத் தெரு, சுமை இறக்கும் நேரத்தில் மாட்டிக்கொண்டால் பிள்ளைகளை மேய்ப்பது கஷ்டம். அதனால்தான் ஆறரை மணி. விளக்குத்தூணைச் சாலையின் ஓரத்தில் நின்றே பாருங்கள். பத்துத்தூண் சந்துக்குள் ஜவுளிக் கடைகள் திறந்து துணி தொங்கவிட்ட பிறகு போனால் தூணில் பாதி தெரியாது.

கடைசியில் திருமலை நாயக்கர் மகால், 9 மணிக்குத் திறப்பார்கள். பத்துத்தூணின் மொட்டைக் கல்லைத் தொட்ட கையால் மகாலின் வழவழப்பான சுண்ணாம்புப் பூச்சைப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே இந்த வரிசை. இன்று நாம் பார்ப்பது அரண்மனையில் கால்வாசிதான். பேரன் சொக்கநாதர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது பெயர்த்துப் போனது போக, மிஞ்சியதைச் சென்னை கவர்னர் நேப்பியர் 1866–72இல் பழுதுபார்த்தார்.

எல்லாம் சேர்த்து 3 கிலோமீட்டர் சொச்சம், நின்று பார்த்து நடந்தால் மூன்று மணி நேரம். குடிதண்ணீரைக் கையோடு கொண்டுபோங்கள்.

சம்மட்டிபுரத்தில் கான்சாகிப் பள்ளிவாசலை இதே காலையில் சேர்க்க வேண்டாம், திசையே வேறு. ஊர் திரும்பும் வழியில் தனியாகப் போங்கள். காளவாசலைத் தாண்டித்தான் போக வேண்டும், சூளைக் கதையை அங்கே வைத்துக்கொள்ளலாம். தொழுகை நேரத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.