பாலில் நியாசின் (வைட்டமின் பி3) மிகக் குறைவு, அப்படியிருந்தும் நியாசின் குறைபாட்டால் வரும் பெலாக்ரா நோயைப் பால் தடுக்கிறதே, எப்படி?

காரணம் பாலில் உள்ள புரதம். டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலத்திலிருந்து நம் கல்லீரலே நியாசினைத் தயாரித்துக்கொள்ளும், கணக்கு தோராயமாக 60 மில்லிகிராமுக்கு 1 மில்லிகிராம். ஒரு லிட்டர் பாலில் நியாசின் சுமார் 1 மில்லிகிராம்தான், ஆனால் டிரிப்டோஃபான் 400-க்கு மேல் இருக்கிறது, அதிலிருந்தே இன்னும் ஆறேழு மில்லிகிராம் கிடைத்துவிடும்.

அதனால் எவ்வளவு புரதம் என்பதைவிட எந்தப் புரதம் என்பதுதான் விஷயம். ஜெலட்டினும் புரதம்தான், அதில் டிரிப்டோஃபான் அறவே இல்லை. மக்காச்சோளத்திலும் அது மிகக் குறைவு, போதாததற்கு அதிலுள்ள நியாசின் உடலுக்கு எட்டாதபடி வேறு பொருள்களோடு பிணைந்து கிடக்கிறது. மெக்சிகோவில் மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, ஊறவைத்து அரைப்பார்கள், அந்தப் பிணைப்பு அவிழ்ந்துவிடும். அமெரிக்கத் தென்மாநில ஏழைகளிடம் அந்தப் பழக்கம் இல்லை. மக்காச்சோள மாவு, கொழுப்புப் பன்றிக்கறி, வெல்லப்பாகு என்றே ஓட்டினார்கள், ஆயிரக்கணக்கில் பெலாக்ராவுக்குப் பலியானார்கள். தொற்றுநோய் என்றே பலரும் நம்பிய காலத்தில், 1915-இல் ஜோசப் கோல்ட்பர்கர் என்ற அமெரிக்க அரசு மருத்துவர் மிசிசிப்பி சிறைக்கைதிகளுக்கு இப்படிப்பட்ட சாப்பாட்டையே கொடுத்து அந்த நோயை வரவழைத்துக் காட்டினார் (விடுதலை செய்கிறோம் என்று ஆசை காட்டித்தான், இன்று யாரும் அனுமதிக்க மாட்டார்கள்).

அப்புறம் ஒன்று, உடல் தன் திசுக்களுக்கான புரதத் தேவையை முதலில் பார்த்துக்கொள்ளும், மிஞ்சும் டிரிப்டோஃபான்தான் பெரும்பாலும் நியாசினாகும், அதற்கும் பி6, ரைபோஃபிளேவின் (பி2) என்ற வைட்டமின்கள் இரண்டும் வேண்டும்.