பிகாமை பாதியில் விடலாமா?

தம்பி, பிகாம் இரண்டாம் வருஷம், கணக்குப் பாடம் கசக்குது, விட்டுட்டு மாஸ் கம்யூனிகேஷன்ல முதல் வருஷத்துல இருந்து சேரலாமா, அப்பா முறைக்கிறார்னு பெங்களூரு அல்சூர்ல இருந்து எழுதியிருக்கீங்க. நான் கோரமங்களாவுல ஒரு விளம்பர ஏஜென்சியில சோஷியல் மீடியா பார்க்கிறேன். படிச்சது மெக்கானிக்கல் (அதுல ஒரு நட்டு கூட இப்ப ஞாபகமில்லை).

விடாதீங்க. ஆள் எடுக்கும்போது நாங்க பட்டத்தைவிட செஞ்சு காட்டினதைத்தான் பார்க்கிறோம். ரீல்ஸ் எடுக்கிறது வேலையில சின்ன பங்கு. மீதியெல்லாம் எக்செல்தான்: விளம்பரத்துக்குப் போன காசு எவ்வளவு, அதுல எத்தனை பேர் விசாரிச்சாங்க, ஒரு விசாரிப்புக்கு என்ன செலவு. கசக்குதுன்னு சொன்னீங்களே, அந்தக் கணக்கேதான்!

உங்க தெருவுல ஒரு மெஸ்ஸோ தையல் கடையோ பிடிச்சு, மூணு மாசம் அவங்க சோஷியல் மீடியா பக்கத்தை இலவசமா நடத்துங்க. தமிழ், கன்னடம் ரெண்டுலயும் எழுதுங்க. பெங்களூருல அதுக்குத் தனி மவுசு. வாராவாரம் எண்களை எக்செல்ல குறிச்சு வைங்க. ஒரே ஆப்பை மட்டும் நம்பாதீங்க. 2020 ஜூன்ல டிக்டாக்கைத் தடை செஞ்சப்போ, லட்சக்கணக்கில ஃபாலோயர் வச்சிருந்தவங்க ராத்திரியோட ராத்திரியா வெறுங்கையா நின்னாங்க.

பட்டமும் வேணும்னா, ஒரே நேரத்துல ரெண்டு பட்டம் படிக்க யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2022ல அனுமதி கொடுத்தாச்சு. பிகாமை முடிச்சுக்கிட்டே இன்னொன்னை அங்கீகாரம் உள்ள தொலைநிலைக் கல்வியில படிக்கலாம். உங்க பல்கலைக்கழகம் ஒத்துக்குதான்னு முதல்ல ஆபீஸ்ல கேட்டுக்கோங்க.

அப்பாகிட்ட ரீல்ஸைக் காட்டாதீங்க. அந்த எக்செல் ஷீட்டைக் காட்டுங்க.