சிப்பிப்பாறைக் குட்டியும் உண்டிகோலும்

எட்டு மாதச் சிப்பிப்பாறை நாய்க்குட்டியை வைத்து ஓசூர்ப் பக்கம் முயலடிக்கப் பழக்க வேண்டும், ஆனால் உண்டிகோல் ரப்பர் 'பட்' என்றாலே பெங்களூரு வீட்டின் கட்டிலடியில் போய் ஒளிகிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் முயலை விடுங்கள், சார். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி முயல், கவுதாரி இரண்டுமே தொடக் கூடாதவை. அடிப்பது மட்டுமல்ல, நாயை விட்டுத் துரத்துவதும், அதற்கு முயல்வதும்கூட வேட்டைதான். தகர டப்பாவைக் குறிபாருங்கள், நாய்க்கு எடுத்து வரும் விளையாட்டு போதும்.

பயம் போக அவசரம் கூடாது. அது சாப்பிடும்போது இன்னொருவர் முப்பது தப்படி தள்ளி நின்று, குண்டில்லாமல் ரப்பரை மெதுவாக இழுத்து விடட்டும். தலை தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி சாப்பிட்டால் சரி. சாப்பாட்டை விட்டு நகர்ந்தால் இன்னும் தள்ளிப் போங்கள். சில நாளுக்கொரு முறை இரண்டு தப்படி நெருங்கினால் போதும். நான் ஒரே வாரத்தில் முடிக்கப் பார்த்து, என் நாய் ரப்பர் பேண்டைக் கண்டாலே ஓடியது!

அப்புறம், சிப்பிப்பாறை கண்ணால் பார்த்துத் துரத்தும் இனம். பொருளை எடுத்து வந்து கையில் தருவது லாப்ரடாருக்கு வருவதுபோல் இதற்கு எளிதில் வராது. துணி அடைத்த பழைய சாக்ஸைக் கையால் எறியுங்கள். பத்து மீட்டர் கயிறு கழுத்துப்பட்டையில் இருக்கட்டும். கூப்பிட்டதும் வரும்வரை அவிழ்க்காதீர்கள். உண்டிகோலில் வைத்து அடிக்கும் கோலிக்குண்டை மட்டும் எடுக்கப் பழக்காதீர்கள், விழுங்கிவிடும்.