டீச்சர் என்று கூப்பிட ஆளில்லாத ஊர்

வணக்கம் மேடம்.

எனக்கு வயது 36. ஊர் பாளையங்கோட்டை. எம்.எஸ்ஸி., பி.எட். முடித்து ஒன்பது வருஷம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தேன். கணவருக்கு ஜெர்மனியில் வேலை கிடைத்ததால் 2022 ஆகஸ்டில் ஸ்டுட்கார்ட் வந்தோம். அவர் மென்பொருள் பொறியாளர். பையனுக்கு அப்போது நாலு வயது. இப்போது ஏழு, இரண்டாம் வகுப்பு படிக்கிறான்.

முதல் ஆறு மாதம் நன்றாகத்தான் போனது. சுத்தமான ரோடு, வீட்டுப் பக்கத்திலேயே பூங்கா, முதல் பனி. ஊருக்குப் போட்டோ அனுப்பிக்கொண்டே இருந்தேன். அப்புறம் எப்போது மாறியது என்று சொல்லத் தெரியவில்லை.

இங்கே ஞாயிற்றுக்கிழமை சத்தம் போடக் கூடாது. வந்த புதிதில் ஒரு ஞாயிறு காலை தேங்காய்ச் சட்னி அரைத்தேன். மறுநாள் தபால் பெட்டியில் ஒரு சீட்டு கிடந்தது. போனில் மொழிபெயர்த்துப் பார்த்தேன். ஞாயிறு காலை இயந்திரம் ஓட்ட வேண்டாம் என்று மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்கள். அன்றிலிருந்து எந்தக் கிழமையானாலும் மிக்ஸியைப் பழைய துண்டால் சுற்றி, சமையலறைக் கதவைச் சாத்திவிட்டுத்தான் அரைக்கிறேன். இதெல்லாம் ஒரு விஷயமா என்று கேட்பீர்கள். ஆனால் அந்தத் துண்டைக் கையில் எடுக்கும்போதெல்லாம் நெஞ்சை அடைக்கிறது.

போன மாதம் பையனின் டீச்சர் கூப்பிட்டிருந்தார். 24 என்று சொன்னால் 42 என்று எழுதுகிறான் என நோட்டைக் காட்டினார். எனக்குப் பார்த்த உடனே காரணம் புரிந்துவிட்டது. ஜெர்மனில் அந்த எண்ணை 'நாலும் இருபதும்' என்றுதான் சொல்வார்கள். வீட்டில் நான் 'இருபத்து நாலு' என்று சொல்லிக்கொடுக்கிறேன். காதில் முதலில் விழுவதைக் குழந்தை முதலில் எழுதுகிறது, அவ்வளவுதான். பத்துகளை ஒரு நிறத்திலும் ஒன்றுகளை வேறு நிறத்திலும் கொஞ்ச நாள் எழுதவைத்தால் போதும். சொல்ல வாயெடுத்தேன், வார்த்தை வரவில்லை. ஒன்பது வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள், இரண்டாம் வகுப்புக் கணக்குக்கு ஊமை மாதிரி தலையாட்டிவிட்டு வந்தேன். வீடு வரும்வரை அழுகை நிற்கவில்லை.

மொழி வகுப்பில் சேர்ந்தேன். கிட்டாவில் (மழலையர் காப்பகம்) விட்ட பையனுக்கு அடிக்கடி காய்ச்சல். பாதியில் நிறுத்திவிட்டேன். கணவர் நல்லவர், ஆனால் "2027-ல் அஞ்சு வருஷம் முடிஞ்சா குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம், அதுவரைக்கும் பல்லைக் கடிச்சுக்கோ" என்கிறார். மாமியார் போனில், "அவனவன் போக முடியலையேன்னு தவிக்கான், உனக்கு என்ன கொறைச்சல்?" என்கிறார். காய்கறி வாங்கும் கடை ஈழத்து அக்கா ஒருவருடையது. ஒருநாள் அவரிடம் புலம்பினேன். "எங்களுக்குத் திரும்பிப் போக வீடு இருக்கேல்லை பிள்ளை, அதால இருந்திட்டம். உங்களுக்கு இருக்கு" என்றார். அதிலிருந்து குற்ற உணர்ச்சி வேறு.

எங்களுக்குத் தெரிந்த இரண்டு குடும்பங்கள் போன வருஷம் ஊருக்கே திரும்பிவிட்டார்கள். "தோத்துட்டு வந்துட்டாங்க" என்று பேசினார்களாம். நவம்பரிலிருந்து எனக்குக் காலையில் எழவே மனசு வருவதில்லை. நானும் தோற்றுத்தான் போனேனா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

*

அன்புள்ள டீச்சருக்கு,

தெரிந்தேதான் அப்படிக் கூப்பிடுகிறேன். கடிதம் முழுக்கத் தயங்கித் தயங்கி எழுதுகிறீர்கள். 24, 42 பற்றி எழுதிய இடத்தில் மட்டும் குரல் நிமிர்ந்துவிடுகிறது. என்ன சிக்கல், என்ன காரணம், என்ன வைத்தியம் என்று நாலே வரியில் முடித்துவிட்டீர்கள். அந்த டீச்சர் இன்னும் உள்ளே முழுசாக இருக்கிறார். உங்களை யாராவது டீச்சர் என்று கூப்பிட்டு எவ்வளவு நாளாயிற்று?

வெளிநாடு போய்த் திரும்பி வந்த பலர் என்னிடம் பேசியிருக்கிறார்கள். முதல் நாள் எல்லோரும் குளிர், சாப்பாடு, மொழி என்றுதான் தொடங்குவார்கள். சொந்தக்காரர்களிடம் சொல்ல வசதியான காரணங்கள் அவை. மூன்றாம் நாள், நாலாம் நாள் வரும் பேச்சு வேறு: "அங்கே நான் யாருமே இல்லை மேடம்." ஊரில் நடந்தால் நாலு பேர் நின்று விசாரிப்பார்கள். வங்கியில் ஒரு படிவம் தப்பாகப் போனால் சண்டை போடத் தெரியும். சிரிக்கவைக்கத் தெரியும். புது ஊரில் இதெல்லாம் ஒரே நாளில் இல்லாமல் போகிறது. பணமும் பாதுகாப்பும் அதற்கு ஈடு என்று மனம் கொஞ்ச காலம் கணக்குப் போடும். ஒரு கட்டத்தில் அந்தக் கணக்கு இடிக்கும்.

உங்கள் வீட்டில் இந்த இழப்பு ஒரே அளவாக விழவில்லை. கணவர் வேலையைக் கையோடு கொண்டுவந்தார். ஊரில் பொறியாளர், அங்கும் பொறியாளர். நீலஅட்டை (படித்த வெளிநாட்டுப் பணியாளர்களுக்கான அனுமதி) விசாவில் வருபவரின் மனைவிக்கு ஜெர்மன் தேர்வு எழுதாமலே விசா கொடுக்கிறார்கள். சலுகைதான், ஆனால் அதனாலேயே பல பெண்கள் ஒரு வார்த்தைகூடத் தெரியாமல் போய் இறங்குகிறார்கள். பொறியாளருக்கு ஆங்கிலம் போதும். அங்கே பள்ளி ஆசிரியர் வேலைக்கு அரசு அங்கீகாரம் வேண்டும், பெரும்பாலும் இரண்டு பாடங்களில் பட்டம் கேட்பார்கள், ஜெர்மன் மொழியும் சி1 அளவாவது (சரளமாகப் பேசி எழுதும் உயர்நிலை) வேண்டும். ஒரே விமானத்தில்தான் வந்தீர்கள். அவர் வேலைக்கு வந்தார், நீங்கள் வேலையை விட்டுவிட்டு வந்தீர்கள்.

"போகப் போகப் பழகிவிடும்" என்று உங்களிடம் நிறையப் பேர் சொல்லியிருப்பார்கள். ஸ்வெரே லிஸ்கார்ட் என்ற நார்வே அறிஞர் 1955-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார். ஃபுல்பிரைட் உதவித்தொகையில் அமெரிக்கா போய்வந்த நார்வேக்காரர்களைப் பற்றியது. ஆறு மாதத்துக்குக் குறைவாக இருந்தவர்களும் பதினெட்டு மாதத்துக்கு மேல் இருந்தவர்களும் நன்றாகவே இருந்தார்கள், நடுவில் உள்ளவர்கள்தான் தவித்தார்கள் என்றார். யு வடிவக் கோடு என்று அது பிரபலமானது. எனக்கு அதில் ஒரு மனத்தாங்கல் உண்டு. அவர்கள் எல்லோரும் தங்களுக்கென்று ஒரு படிப்போ வேலையோ இருந்ததால் போனவர்கள். அடுத்தவரின் வேலைக்காகக் கூடப் போனவர்களின் கோடு அது இல்லை. மூன்று வருஷமாகியும் பழகவில்லையே என்று உங்களை நீங்களே அடித்துக்கொள்ள வேண்டாம். உங்கள் பிழைப்பும் பெயரும் இருந்த இடத்தில் ஒன்றுமே வைக்கப்படவில்லை. நாள் போவதால் மட்டும் அந்த இடம் நிரம்பாது.

கடைக்கார அக்கா சொன்னதைக் குற்றச்சாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 1980-களில் போருக்குத் தப்பி ஓடியவர்களின் தலைமுறையைப் பற்றிச் சொல்கிறார் அவர். அந்த மக்கள் எத்தனையோ ஊர்களில் தமிழாலயம் தொடங்கிப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஜெர்மனியின் ஹம் நகரில் 2002-ல் காமாட்சி அம்மனுக்குக் கோபுரத்தோடு கோயில் எழுப்பினார்கள். திரும்ப வழியில்லாததால் ஊரை அங்கேயே கட்டினார்கள். அதற்கு அவர்கள் கொடுத்த விலை நமக்குத் தெரியாது. உங்களுக்கு வழி திறந்திருக்கிறது. திறந்த கதவைப் பார்த்துக்கொண்டே வேர் விடுவது வேறு மாதிரிக் கஷ்டம். எனக்கு அவர் பரிவோடு சொன்னதாகவே கேட்கிறது.

'தோத்துட்டு வந்துட்டாங்க' என்பவர்களிடம் யார் போட்டி வைத்தார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது. திரும்புவது ஒரு முடிவு. நல்லதாகவும் இருக்கலாம், அவசரமாகவும் இருக்கலாம். உங்களுக்கு எது என்று இந்தக் கடிதத்தை வைத்து என்னால் சொல்ல முடியாது. ஆனால் நவம்பருக்கும் பிப்ரவரிக்கும் நடுவில் மட்டும் முடிவெடுக்காதீர்கள். காலை எட்டு மணிக்குமேல் விடிந்து மாலை நாலரைக்குள் இருட்டும் நாட்களில் மனம் எல்லாவற்றுக்கும் "வேண்டாம்" என்றே சொல்லும்.

காலையில் எழ மனசில்லை என்கிறீர்களே, அதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். இரண்டு வாரத்துக்குமேல் நாளின் பெரும்பகுதி மனசு அழுந்தியிருந்தாலோ, பிடித்தது எதிலும் நாட்டம் இல்லையென்றாலோ, தூக்கமும் பசியும் மாறியிருந்தாலோ அது மனச்சோர்வாக இருக்கலாம். குடும்ப மருத்துவரைப் பாருங்கள். மனநல ஆலோசனை நேரம் வாங்க 116117 என்ற எண் இருக்கிறது. அரசு சார்ந்த மருத்துவக் காப்பீட்டில் இருந்தால் சிகிச்சைச் செலவை அது ஏற்கும். கணவர் போன் செய்து பேசட்டும். இந்த வாரமே.

அப்புறம், அந்த அக்காவிடம் பக்கத்தில் தமிழ்ப் பள்ளி எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். வார இறுதியில் இரண்டு மணி நேரம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்க முடியுமா என்று பேசிப் பாருங்கள். 24-ஐ 42 என்று எழுதும் பிள்ளை உங்கள் பையன் மட்டும்தானா என்ன? பாதியில் விட்ட மொழி வகுப்பையும் மறுபடி பிடியுங்கள், பையன்தான் இப்போது பள்ளிக்குப் போகிறானே. நாளைக்கே ஊருக்குப் போனாலும், பையனின் டீச்சரிடம் அந்த நாலு வரியைச் சொல்லிவிட்டுப் போங்கள். எழுதி வைத்துப் படித்தாலும் சரி.

கோடை விடுமுறை ஆறு வாரம் வரும். அந்த ஆறு வாரமும் பாளையங்கோட்டையில் இருங்கள், விருந்தாளியாக இல்லாமல். சாக்லேட் மூட்டையோடு வீடு வீடாகப் போக வேண்டாம். பழைய பள்ளியில் வேலை இருக்கிறதா என்று நேரில் கேளுங்கள். பையனை எந்த வகுப்பில் சேர்ப்பார்கள், அவன் தமிழ் எழுதுவானா என்று பாருங்கள். அமெரிக்க ஆய்வாளர்களான கல்லஹார்ன் தம்பதி 1963-லேயே எழுதினார்கள், திரும்பி வந்தவர்களுக்கும் சொந்த ஊரில் ஒரு பள்ளம் காத்திருக்கிறது என்று. போட்டோவில் பார்த்த ஊர் வேறு, வாழப்போகும் ஊர் வேறு.

அங்கே நாலாம் வகுப்பு முடிந்ததும் பிள்ளைகளை வெவ்வேறு வகைப் பள்ளிகளுக்குப் பிரிப்பார்கள். பையனுக்காகப் பார்த்தால் அதற்குள் ஒரு முடிவுக்கு வருவது நல்லது. இன்னொன்று: நீலஅட்டைக் குடும்பங்கள் தற்காலிகமாக வெளியே போனால் 12 மாதம் வரை அனுமதி செல்லும் என்பது சட்டம். திரும்பி வரவே போவதில்லை என்று பதிவாகிவிட்டால் அது பொருந்தாது. கிளம்பும் முன் வெளிநாட்டவர் அலுவலகத்தில் உங்கள் நிலைமைக்கு எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கணவரிடம் குடியுரிமையைப் பற்றி வாதாட வேண்டாம். இந்தக் கடிதத்தில் மிக்ஸித் துண்டைப் பற்றி எழுதிய பத்தியை மட்டும் அவருக்குப் படித்துக் காட்டுங்கள். பிறகு, அவர் எதைத் துண்டால் சுற்றி வைத்திருக்கிறார் என்று கேளுங்கள். ஊருக்குப் போக அவருக்கும் ஆசை இருக்கலாம். 'என்னால்தான் எல்லோரும் வந்தோம்' என்ற பயத்தில் வாய் திறக்காமல் இருக்கலாம்.

செப்டம்பரில் மறுபடி எழுதுங்கள், பழைய பள்ளியில் என்ன சொன்னார்கள் என்று. அவரையும் இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள்.